பாம்புக் கூண்டின் தரை: எந்தக் கூளம், எவ்வளவு ஆழம்

வளர்ப்புப் பாம்பின் உடல் முழு நீளத்துக்கும் கூண்டின் தரையில் படிந்தே கிடக்கிறது. மூக்குத் துளைகள் அந்தத் தரைக்கு ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. நாக்கு நீண்டு எடுத்துவரும் வாசனைத் துகள்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. தரையில் ஈரம் மிகுந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். குறைந்தால் சட்டை ஒழுங்காக உரியாது. தூசி எழுந்தால் சுவாசம் கெடும். புதைந்துகொள்ள இடமில்லாவிட்டால் பாம்பு அஞ்சி அஞ்சி இரையைத் தொடாமல் கிடக்கும். பாம்பு வளர்ப்போர் செய்யும் செலவில் கூளத்துக்குப் போவது சிறு பங்குதான். ஆனாலும் மருத்துவரிடம் வரும் வளர்ப்புப் பாம்புகளின் தொல்லைகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கழிவை உறிஞ்ச வேண்டும், ஈரத்தைத் தேக்கி மெல்ல மெல்ல விட வேண்டும், ஊர்வதற்குப் பிடிமானம் தர வேண்டும், புதைய வழிவிட வேண்டும், நஞ்சாகவும் இருக்கக்கூடாது. இவ்வளவையும் கூளத்திடம் எதிர்பார்க்கிறோம். இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று இசைவதில்லை. ஈரத்தை நன்றாகத் தேக்கும் பொருள் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். சுத்தம் செய்ய எளிதான பொருளில் பாம்பு புதைய முடியாது. எல்லாவற்றையும் ஒருசேரச் செய்யும் கூளம் கிடையாது என்பதால், எந்த வேலைக்கு முதலிடம் என்பதைப் பாம்பின் இனத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

உலகில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று பந்து மலைப்பாம்பு. கடைக்காரர்கள் இதை பால் பைத்தான் என்பார்கள். கானா, டோகோ, பெனின் முதலான ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளும் வயலோரங்களும் இதன் வாழிடம். புல்வெளிப் பாம்பு என்று படித்துவிட்டு வறண்ட மரச்சீவலை இட்டு வைப்போர் நிறையப் பேர். ஆனால் மேலே நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இது பகற்பொழுதைக் கழிப்பது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும்தான். அங்கே காற்று வெப்பம் தணிந்து ஈரமாக இருக்கும். கூண்டில் ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். பாம்பு வாழும் நாட்டின் வானிலையைவிட, அது பதுங்கும் பொந்தின் நிலையே கூளத் தேர்வுக்கு நல்ல வழிகாட்டி.

கார்ன் ஸ்நேக் எனப்படும் சோளப்பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பைன் காடுகளிலும் பண்ணைக் களஞ்சியங்களிலும் வாழ்வது. 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் அதற்குப் போதும். ஆனால் சருகுக்கும் மண்ணுக்கும் இடையே நுழைந்து திரியும் பழக்கமுடையது. கென்ய மண்ணுளிப் பாம்பு நம் ஊர் மண்ணுளிக்கு நெருங்கிய உறவு. உடலைப் புதைத்துக்கொண்டு, மேல்நோக்கி அமைந்த கண்கள் மட்டும் வெளியே தெரிய இரைக்குக் காத்திருக்கும். வட அமெரிக்கச் சமவெளிகளின் பன்றிமூக்குப் பாம்புக்கு மூக்கு நுனிச் செதில் கூராக மேலே வளைந்திருப்பது மண்ணைக் கிளறுவதற்காகவே. இந்த இரண்டுக்கும் ஆழமில்லாத தரை தரையே அல்ல. அமேசான் காடுகளின் வானவில் போவாவுக்கு 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம் வேண்டும். அது சில நாட்கள் தவறினாலும் உடல் வற்றத் தொடங்கிவிடும். நியூ கினியின் பச்சை மரமலைப்பாம்பு கிளையிலேயே சுருண்டு கிடப்பது. அதற்குக் கூளம் காற்றில் ஈரம் சேர்க்கும் தேக்கமாக இருந்தால் போதும்.

எல்லா இனத்துக்கும் முதலில் வரும் கேள்வி ஈரம். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையே ஒரு திரவம் சுரக்கும். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில் நீலம் பாய்ந்து மங்கும். பிறகு தெளியும், தெளிந்து சில நாட்களில் பாம்பு மூக்கைக் கரடான இடத்தில் உரசி, சட்டையைத் தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழற்றிவிடும். காற்று வறண்டிருந்தால் தோல் துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாகத் தங்கிய பழந்தோல் இரத்த ஓட்டத்தை இறுக்கி நுனியையே கருகச் செய்துவிடும். கண்ணாடிச் செதில் உரியாமல் நின்றால் பார்வைக்கே கேடு. உரிந்த சட்டையை எடுத்து விரித்து, இரண்டு கண் மூடிகளும் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதை அனுபவமுள்ள வளர்ப்போர் ஒருபோதும் தவறவிடுவதில்லை. கூளத்தின் ஈரம் சரியாக இருந்ததா என்பதற்கு இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

ஈரம் வேண்டும் என்றதும் கூளம் முழுவதையும் நனைத்துவிடுவது அடுத்த தவறு. நாள்கணக்கில் ஈரத்தின் மேல் கிடக்கும் வயிற்றுச் செதில்களில் முதலில் செந்நிறம் பரவும். பிறகு சிறு கொப்புளங்கள் தோன்றி, பாக்டீரியா புகுந்து புண்ணாகும். வளர்ப்போர் செதில் அழுகல் என்று சொல்லும் நோய் இது. மேற்பரப்பு உலர்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருப்பதே விரும்பத்தக்கது. மேலே தண்ணீர் தெளிப்பதற்குப் பதிலாகக் கூண்டின் மூலைகளில் மெதுவாக ஊற்றினால் நீர் கீழே இறங்கிப் பரவும். அங்கிருந்து ஆவியாகிக் காற்றை ஈரமாக்கும். பாம்பு படுக்கும் மேல்தளம் உலர்ந்தே இருக்கும். அடியிலுள்ள கூளத்தில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்க்கலாம். பிடி கொழுக்கட்டை போல வடிவம் நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. வறண்ட தரை வேண்டும் இனங்களுக்கு, மூடியுள்ள ஒரு சிறு பெட்டியில் நுழைவாயில் வெட்டி, ஈரமான ஸ்ஃபாக்னம் பாசியை நிரப்பி வைத்தால் போதும். சட்டை உரிக்கும் நாட்களில் பாம்பு தானாக அதற்குள் போய்க் கிடக்கும்.

பொருள்களில் முதலில் விலக்க வேண்டியது சீடர் மரச்சீவல். துணி அலமாரியில் அந்துப்பூச்சியை விரட்டும் அதே மணஎண்ணெய்கள், மூடிய கூண்டில் பாம்பின் சுவாசத்துக்குள் போய்ச் சேர்கின்றன. 1967இல் அமெரிக்க மருந்தியலாளர் எலியட் வெசெல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். மென்மரக் கூளத்தின் மேல் வைக்கப்பட்ட எலிகளின் கல்லீரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் தூண்டப்படுகின்றன என்பது அவர் கண்டது. மருந்து எதுவும் கொடுக்காமல் படுக்கையே கல்லீரலின் வேலையை மாற்றியது ஆய்வுக்கூடங்களை விழிக்கச் செய்தது. அது எலிகளில் கண்டது, பாம்பில் அன்று. ஆனால் பாம்புக்கு உதரவிதானம் இல்லை. மூச்சுக்குழாயில் சேரும் சளியை இருமி வெளியேற்ற அதனால் இயலாது. பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரல் ஒன்றுதான் முறையாக வேலை செய்கிறது. மலைப்பாம்புகளுக்கும் போவாக்களுக்கும் இடது நுரையீரலும் உண்டு என்றாலும் அது சிறியது. இப்படிப்பட்ட உடலமைப்பு கொண்ட விலங்கைச் சீடர் மணத்தில் அடைத்து வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பைன் மரச்சீவலைப் பற்றி வளர்ப்போரிடையே இன்னும் வாதம் நடக்கிறது. சோளப்பாம்பு பைன் காட்டில்தானே வாழ்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. காட்டில் காற்று வீசுகிறது, மரம் பட்டையோடு நிற்கிறது. சீவிய மரத்தின் புதுப் பரப்பிலிருந்து ஆவியாகும் பிசின் எண்ணெய்கள், மூடி வைத்த தொட்டியில் அடர்ந்து தேங்குவதோடு அதை ஒப்பிட முடியாது. சூளையில் உலர்த்திய பைனில் இந்த எண்ணெய்கள் பெருமளவு குறைந்துவிடுகின்றன என்பது உண்மை. இருந்தாலும் வேறு நல்ல பொருள் கைக்கெட்டும்போது இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. மரஅறுவை ஆலைகளில் அள்ளிவரும் தூளும் சீவலும் இன்னும் மோசம். எந்தெந்த மரம் கலந்தது, கறையான் மருந்தோ மெருகுப் பூச்சோ பட்டதா என்பது விற்பவருக்கே தெரியாது.

மணமற்ற மரச்சீவல் என்று உலகெங்கும் பெயர் பெற்றது ஆஸ்பென். வெளிறிய நிறம், தூசி குறைவு, விலையும் தாங்கக்கூடியது. சோளப்பாம்பும் பன்றிமூக்குப் பாம்பும் இதில் குடையும் சுரங்கங்கள் இடியாமல் நிற்கும். கண்ணாடியோரம் அந்தச் சுரங்கப் பாதைகளைப் பார்க்கலாம். மலம் விழுந்த இடம் கட்டியாகி நிறம் மாறித் தெரிவதால் அதை மட்டும் அள்ளிப் போடுவதும் எளிது. நீர் பட்டால்தான் இதன் குறை வெளிப்படும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்த மூலையில் ஓரிரு நாட்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். எனவே வறண்ட தரை வேண்டும் இனங்களுக்கு ஆஸ்பென் மிகப் பொருத்தம்; பந்து மலைப்பாம்புக்கும் வானவில் போவாவுக்கும் பொருந்தாது.

ஈரம் வேண்டும் இனங்களுக்குத் தென்னையிலிருந்து வரும் பொருள்களே இன்று முன்னணியில் இருக்கின்றன. தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் எஞ்சும் நார்க்கழிவு ஒருகாலத்தில் பொள்ளாச்சிச் சாலையோரங்களில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. இப்போது அது கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. உலகச் சந்தைக்கு வரும் இந்தச் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் உருவாகிறது. தோட்டக்காரர்களுக்காகப் போகும் அதே கட்டி, ஊர்வனக் கடையில் வேறு உறையில் கூடுதல் விலைக்கு விற்கப்படுவதும் உண்டு. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தேக்கக்கூடியது. எளிதில் அழுகாது, மண்வாசனை தவிர வேறு மணம் கிடையாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது உப்பு. கடலோரத் தென்னையிலிருந்தும் உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்தும் வரும் நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். நன்னீரில் கழுவிய தரத்தையே எடுக்க வேண்டும். செடிகளுக்காகக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்த தரமும், உரம் கலந்த தரமும் பாம்புக்கு வேண்டாம். நுண்ணிய தூளாக இருப்பது உலர்ந்தால் பறக்கும்; மலைப்பாம்புகளின் உதட்டோரமுள்ள வெப்ப உணர் குழிகளில் படியும், ஈரமான இரையில் அப்பிக்கொள்ளும். அதனால் மட்டையைச் சிறு சதுரங்களாக நறுக்கிய துண்டுகளை அதோடு கலப்பது நல்ல வழக்கம். துண்டுகள் மேலே உலர்ந்து நிற்கும், தூள் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பந்து மலைப்பாம்புக்கு இந்தக் கலவையைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்வது கடினம்.

இதே வேலையை வட அமெரிக்காவில் ஃபிர் மரப்பட்டையும் சைப்ரஸ் மரத்துண்டுகளும் செய்கின்றன. ஆர்க்கிட் செடிகளுக்கென விற்கப்படும் ஃபிர் பட்டை சற்று விலை கூடியது, ஆனால் நெடுநாள் உழைக்கும். சைப்ரஸ் ஈரத்தில் எளிதில் அழுகுவதில்லை. அதன் பின்னால் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. லூசியானாவின் சதுப்புக் காடுகளில் முழு மரங்களையே வெட்டித் துண்டாக்கி விற்றார்கள். புயல் அலையைத் தடுக்கும் அரண் அந்தக் காடுகள் என்பதால், 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்குப் பிறகு எதிர்ப்பு வலுத்தது. தென்னைக் கழிவு கிடைக்கும் இடத்தில் சதுப்புக் காட்டை வெட்டி ஒரு பாம்புக்குப் படுக்கை போட வேண்டியதில்லை.

காகிதம் பலரும் ஏளனமாகப் பார்க்கும் பொருள். நோயுற்ற பாம்புக்கும் புதிதாக வந்த பாம்புக்கும் அதுவே சரியான தரை. வெள்ளைக் காகிதத் துண்டின் மேல் மலத்தின் நிறமும் யூரேட் எனும் வெண்கழிவின் தன்மையும் இரத்தக் கசிவும் உடனே கண்ணில் படும். பாம்புச் சிற்றுண்ணிகளும் அப்படித்தான். ஊசிமுனை அளவே உள்ள கரும்புள்ளிகளாகக் கண்ணோரத்திலும் தாடை மடிப்பிலும் ஒட்டியிருக்கும் இவை, பெருங்கூட்டமானால் இரத்தச்சோகையை உண்டாக்கும். நோய்க் கிருமிகளையும் பரப்பும். பெண் உண்ணி பாம்பை விட்டு இறங்கி, ஈரமான இருண்ட இடுக்குகளில்தான் முட்டையிடும். கூளம் நிறைந்த கூண்டு அதற்கு வாய்ப்பான இடம். தினமும் சுருட்டி எறியப்படும் காகிதத்தில் அது நிலைகொள்ள முடியாது. புதிய பாம்பை ஒன்று முதல் மூன்று மாதம் வரை தனியறையில் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கூளத்துக்கு மாற்றுவது பெரும் இழப்பைத் தவிர்க்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் காகிதத்திலேயே வைப்பது வளர்ப்பவரின் வசதிக்காகத்தானே தவிர பாம்புக்காக அல்ல. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த தேர்வுச் சோதனைகளில், எளிய கூண்டையும் வளமூட்டப்பட்ட கூண்டையும் சோளப்பாம்புகளுக்குத் திறந்து வைத்தபோது அவை வளமான பக்கத்தையே நாடின.

மணலைப் பற்றிய தவறான எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. பாலைவனப் பாம்பு என்றதும் பொடி மணலை நிரப்பிவிடுகிறார்கள். மண்ணுளி வகைகள் இயற்கையில் வாழ்வது பெரும்பாலும் களிமண்ணும் மணலும் கலந்து இறுகிய நிலத்தில். அங்கே தோண்டினால் வளை நிற்கும், தனி மணலில் சரிந்துவிடும். உரமும் பூச்சிமருந்தும் சேராத மேல்மண்ணோடு மணலைக் கலந்து கொடுப்பது மேல். கால்சியம் மணல் என்று வண்ண வண்ணமாக விற்கப்படுவது வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் கட்டியாகிறது. விழுங்கினால் குடலிலும் கட்டியாகலாம். வாதுமை ஓட்டுத் தூள், மக்காச்சோளத் தக்கை, பூனைக்கான களிமண் உருண்டை, செயற்கைப் புல் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.

மணல் முற்றிலும் பயனற்றதும் அல்ல. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், நஞ்சு எடுப்பதற்காகக் கொண்டுவரும் நாகத்தையும் விரியனையும் மணல் இட்ட மண்பானைகளில் வைக்கிறது. பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே காற்றும் ஈரமும் வந்து போகும், உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும், மணல் கழிவை வாங்கிக்கொள்ளும். எலி வளையின் இருட்டும் குளிர்ச்சியும் ஒரு பானைக்குள் வந்துவிடுகின்றன. சில வாரங்களில் பாம்புகள் மீண்டும் காட்டில் விடப்படுவதால் இந்த ஏற்பாடு போதுமானதாக இருக்கிறது. பல்லாண்டு வளர்க்கும் கூண்டுக்கு இதையே அளவாகக் கொள்ள முடியாது.

அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்றிருப்பது உயிருள்ள தரை. அடியில் சுட்ட களிமண் உருண்டைகளால் வடிகால் அடுக்கு, அதன் மேல் வலை, அதற்கு மேல் மண்ணும் நார்க்கழிவும் மணலும் கலந்த படுகை, மேலே இலைச்சருகு. இந்தப் படுகையில் நண்டினத்தின் உறவான ஐசோபாட்களும், ஸ்பிரிங்டெயில் எனும் சிற்றுயிர்களும் விடப்படும். பூஞ்சையைத் தின்பது ஸ்பிரிங்டெயிலின் வேலை. கழிவையும் சருகையும் சிதைப்பது ஐசோபாட்டின் வேலை. சிறிய பாம்புகளுக்கு இது அருமையாக அமைகிறது. பெரிய மலைப்பாம்பு ஒரே தடவையில் இடும் மலத்தை இந்தச் சிற்றுயிர்களால் சமாளிக்க முடியாது. கையால் அள்ளியே தீர வேண்டும். ஆக, உயிருள்ள தரை வேலையைக் குறைக்கும், ஒழித்துவிடாது.

ஆழத்தைச் சூடேற்றும் முறையோடு சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வளை தோண்டும் இனங்களுக்குப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத கூளம் வேண்டும்; பிற தரைவாழ் இனங்களுக்கு ஐந்து போதும். ஆனால் கூண்டின் அடியில் வெப்பத் தகடு இருந்தால் ஆழமான கூளம் ஆபத்தாக மாறும். கூளம் வெப்பத்தை மேலே விடாது, கண்ணாடித் தளம் கொதிக்கும். மேற்பரப்பில் வெப்பமானி 28 பாகை காட்டும்போதே அடியில் அதைவிட வெகுவாக ஏறியிருக்கும். பாம்போ குளிர்கிறது என்று மேலும் மேலும் கீழே தோண்டிச் சென்று கண்ணாடியில் வயிற்றைப் பதிக்கும். சூடு பட்டதும் விலகிப் போகும் உணர்வு பாம்புகளிடம் மந்தமாகவே காணப்படுகிறது. வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பிறகும் அதே இடத்தில் கிடப்பதைப் பார்க்கலாம். தகடு வைப்பதென்றால் கூளம் மெல்லியதாக இருக்கட்டும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் உணர்முனை கண்ணாடியை ஒட்டியே இருக்கட்டும். ஆழமான கூளம் வேண்டுமென்றால் சூடு மேலிருந்து விளக்கு மூலம் வர வேண்டும். அப்போது மேற்பரப்பு விரைவில் உலரும் என்பதால் ஈரத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூளத்தை விழுங்கிக் குடல் அடைபடும் என்ற அச்சம் பலரைக் காகிதத்தோடு நிறுத்திவிடுகிறது. சரியான வெப்பத்தில், நீர்ச்சத்து குறையாமல் வாழும் நலமான பாம்பு இரையோடு உள்ளே போன ஓரிரு மரச்சீவலை மலத்தோடு வெளியேற்றிவிடும். அடைப்பு வருவது பெரும்பாலும் குளிரிலோ வறட்சியிலோ ஏற்கெனவே தளர்ந்துபோன பாம்புகளுக்கு. உறைநிலையிலிருந்து எடுத்த எலியைத் துடைத்து உலர்த்தி, இடுக்கியால் பிடித்துக் கொடுத்தால் கூளம் ஒட்டுவது மிகவும் குறையும். தட்டையான ஒரு கல்லின் மேல் இரையை வைப்பதும் நல்லது. வாயோரத்தில் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று இரை தின்றபின் ஒரு பார்வை பார்த்தால், பின்னால் வாய்ப்புண் வருவதைத் தடுக்கலாம்.

இந்தியாவில் இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட பாம்புகளுக்கே பொருந்தும். நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பின், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலிலுள்ள பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன.

கூளத்தை எப்போது மாற்றுவது என்பதற்கு நாள் கணக்கைவிட மூக்கே நல்ல அளவுகோல். மலமும் வெண்கழிவும் கண்ட அன்றே, சுற்றிலுமுள்ள கூளத்தோடு அள்ளப்பட வேண்டும். அம்மோனியா நெடி எழும் அளவுக்கு விட்டால் சுவாச நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். ஆஸ்பெனை முழுதாக மாற்ற ஒன்றிரண்டு மாதம், தென்னைத் துண்டுகளுக்கு மூன்று நான்கு மாதம் என்பது பொதுவான வழக்கம். தொட்டியைக் கழுவப் பீனால் வகைக் கிருமிநாசினிகளைத் தொடக்கூடாது. நீர்த்த பிளீச்சிங் கரைசல் போதும். நன்றாக அலசி, நெடி முற்றிலும் போக உலர்த்திய பிறகே புதுக் கூளம் இட வேண்டும். பாம்புகள் சால்மொனெல்லா கிருமியை நோயின் அறிகுறி எதுவும் காட்டாமலேயே சுமக்கக்கூடியவை. எனவே சமையலறைத் தொட்டியில் கூண்டைக் கழுவுவதும், கூளம் அள்ளிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடுவதும் கூடாது.

முழுச் சுத்தம் பாம்புக்கு ஒரு கலக்கமே. அமெரிக்க உளவியலாளர் டேவிட் சிசாரும் உடன் ஆய்வாளர்களும் கூண்டைச் சுத்தம் செய்வதற்குப் பாம்புகள் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று ஆராய்ந்து 1980இல் எழுதினார்கள். சுத்தமான கூண்டில் விடப்பட்ட பாம்புகள் விரைவிலேயே மலம் கழித்தன. தேய்த்துக் கழுவிய தொட்டியில் விட்ட சற்று நேரத்தில் மலம் கிடப்பதைக் கண்டு சலிக்கும் வளர்ப்போருக்கு இது பழகிய காட்சி. நோயோ உண்ணியோ இல்லாத கூண்டில், பழைய கூளத்தின் சுத்தமான பகுதியிலிருந்து ஓரிரு கைப்பிடி எடுத்துப் புதியதோடு கலந்துவிட்டால், பாம்பின் சொந்த வாசனை அங்கே தங்கியிருக்கும்.